ஒற்று மட்டும் பார்த்தேன்

ஜூன் 4, செவ்வாய்

காலையில் லிஃப்டில் எதிர்வீட்டுப் பல் டாக்டர் பிடித்துக்கொண்டார். "மேடம், இது உங்க தம்பி ஒய்ஃப் எழுதினதாமே. கிளினிக்ல எல்லாரும் படிச்சோம். நர்ஸுக்குக் கண்ணு கலங்கிடுச்சு." போனை நீட்டினார். நான் வாங்கவில்லை. விடுவாரா? நாலு மாடி இறங்குவதற்குள் அவரே படித்துக் காட்டிவிட்டார். கண்ணாடிக் கடைக்கு ஒரு வயசாளி வருகிறார். பலகையில் இருக்கிற எழுத்தைப் படிக்கச் சொல்கிறார்கள். அவர் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்து, "இது தெரிஞ்சா போதும்" என்கிறார். முடிந்தது. அவ்வளவுதான் கவிதை.

"அவருக்குக் கிட்டப்பார்வையா தூரப்பார்வையான்னு எழுதலையே" என்றேன். டாக்டர் சிரித்தார். கேலி செய்கிறேன் என்று புரிந்த சிரிப்பாக இல்லை.

அப்பா விட்டுப்போன இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். தம்பி, அவன் மனைவி, கல்யாணம் பண்ணிக்கொள்ளாத நான். தம்பி ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். அவள் கண்ணாடிக் கடையில் பிரேம் மாட்டிக் கொடுக்கிறாள். அந்த நேரம் போக மீதி நேரமெல்லாம் போனில் கவிதை. புலவரம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன், மனசுக்குள்.

ஒரு வாக்கியத்தை எழுதி மூன்று இடத்தில் ஒடித்துப் போட்டால் கவிதையாம். நான் அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கிறவள். இத்தனை வருஷமாக ஒடிந்த வாக்கியங்களை ஒட்டவைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

ஜூன் 7, வெள்ளி

புலவரம்மாவின் இன்றைய படைப்பு: துவைத்துக் காயப்போட்டதில் ஒரு கால் சாக்ஸைக் காணோம். ஆயிரம் பேருக்கு மேல் இதயம் போட்டிருக்கிறார்கள். என் சாக்ஸும்தான் காணாமல் போகிறது. நாய்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

ஜூன் 12, புதன்

முதலாளி கூப்பிட்டார். எங்கள் அச்சகத்தில் பாடநூல் வரும், மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைக்கிற துண்டுத்தாள் வரும், அழைப்பிதழ் வரும். சொந்தமாகப் புத்தகம் போடுவது எப்போதாவதுதான். கவிதை என்றால் கையெடுத்துக் கும்பிடுவார், பயத்தில்.

"உங்க வீட்டுப் பொண்ணு கவிதைய நாமளே போடப்போறோம்" என்றார்.

"கவிதை விக்காதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

"அது புரியாத கவிதைம்மா. இது என் பொண்டாட்டிக்கே புரியுது. ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கா."

ஃப்ரிட்ஜில் ஒட்டுவதுதான் இனி இலக்கியத்துக்கு அளவுகோல். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சும்மாவா சொன்னார்கள். ப்ரூஃப் நான்தான் பார்க்க வேண்டுமாம். வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். "வேற யாரு இருக்கா?" என்றார். அதுவும் உண்மை.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நிற்கிறாள். "அண்ணி, நீங்கதான் பாக்கப் போறீங்களாமே." புருஷனின் அக்கா என்பதால் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். "தப்பு இருந்தா சொல்லுங்க அண்ணி."

"தப்பு இருந்தா திருத்துவேன். அதுக்குத்தான் சம்பளம்."

"அந்தத் தப்பு இல்ல அண்ணி..." என்று இழுத்தாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 15, சனி

இது என்ன பெரிய வித்தையா? டீ குடிக்கிற நேரத்தில் நானும் ஒன்று எழுதினேன்.

பஸ் வந்தது.
என் பஸ் இல்லை.
அதுவும்
யாருக்கோ பஸ்தான்.

பக்கம் அமைக்கிற டி.டி.பி. பெண்ணிடம் சிரிப்பதற்காகப் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. விரலைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டாள். "அக்கா, இத எனக்கு அனுப்புங்களேன். எங்க அக்காவுக்குக் கல்யாணம் நின்னுபோச்சு. அவளுக்கு அனுப்பணும்."

பஸ்ஸை நான் பஸ்ஸாகத்தானடி எழுதினேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அனுப்பவும் செய்தேன், என்ன பண்ணுவது.

ஜூன் 20, வியாழன்

ப்ரூஃப் வந்தது. நடுக்கூடத்து மேஜையில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குக் கவிதை என்றால் ஒரு பாட்டைப் பிரித்துப் படிக்க ஒரு சாயங்காலம் ஆக வேண்டும். அகராதியை இரண்டு தடவையாவது எடுக்க வேண்டும். இவள் எழுதியதைப் படிக்க, கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். குக்கர் விசில், பஸ் டிக்கெட், காலாவதியான இருமல் மருந்து, மேல்வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தம். வீட்டில் குப்பை கொட்டுகிற இடத்தில் நின்று குறிப்பெடுத்த மாதிரி இருக்கிறது.

அதுகூடப் போகட்டும். ஒற்று? வேண்டிய இடத்தில் இருக்காது, வேண்டாத இடத்தில் உட்கார்ந்திருக்கும். 'வேலைக்கு போனேன்', 'அதை பார்த்தேன்'. வலி மிகுந்தது இவளுக்கு இல்லை, எனக்கு. சரி, பொருளைப் பார்க்க வேண்டாம், எழுத்தை மட்டும் பார்ப்போம் என்று வேக வேகமாகப் போனேன்.

பாதிக்கு மேல் ஒரு பக்கம் வந்தது. தலைப்பு: நாத்தனார்.

என்னைப் பற்றித்தான். வேறு நாத்தனார் அவளுக்கு இல்லை. முதல் வரி, படுத்து அழுதுகொண்டிருக்கிறாளாம். இரண்டாவது வரி, நாத்தனார் கத்திக்கொண்டு வந்தாராம்.

ஊர் உலகம் எல்லாம் படிக்கிற புத்தகத்தில் நான் கத்துகிறவள். அழுகிறவளிடம் போய்க் கத்துகிற நாத்தனார். அந்தக் காலத்திலிருந்து அரைத்த அதே மாவு. அந்த மாவையும் ஒழுங்காக அரைக்கத் தெரியவில்லை. 'கத்தி கொண்டு' என்று ஒற்று இல்லாமல், நடுவில் இடைவெளி விட்டு எழுதியிருக்கிறாள். என்னைத் திட்டுவதற்குக்கூட இலக்கணம் வராது போலிருக்கிறது. க் போட்டேன். இடைவெளியை மூடினேன். 'கத்திக்கொண்டு'. ஏசுவதானால் பிழையில்லாமல் ஏசு.

அதற்குக் கீழே படிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டேன். ஒரு பக்கத்தை முடிக்காமல் திருப்பியது என் வேலையில் இதுதான் முதல் தடவை.

ஜூன் 21, வெள்ளி

சாப்பிடும்போது தம்பியிடம் சொன்னேன். ஆகஸ்ட் ஒன்றாம் தேதியிலிருந்து தனியாக இருக்கப்போகிறேன் என்று. எங்கள் பைண்டருக்குத் தெரிந்தவர் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாகிறது. அச்சகத்துக்கு நடந்தே போகலாம்.

"என்னக்கா திடீர்னு? யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒன்னும் சொல்லல. நான் ஒன்னும் கத்துறவ இல்ல" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. கீழ்வீட்டில் டிவியைக் குறைத்தார்கள்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்பாள்? எழுதினவளுக்குத் தெரியாதா?

ஜூன் 28, வெள்ளி

மனசு ஆறவில்லை. மார்ச் மாதம் அவளுக்குக் கரு கலைந்தது. மூன்றாம் மாதம். தம்பி ஷிப்டில் இருந்தான், போனை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது யார்? கையெழுத்துப் போட்டது யார்? டாக்ஸி பிடித்து, படி ஏற்றி, படுக்கை விரிப்பை மாற்றி, வெந்நீர் வைத்துக் கொடுத்தது யார்? அழுதாள், அது நிஜம். ஆறுதல் சொல்ல எனக்கு வராது, அதுவும் நிஜம். ஆனால் கத்தினேனா? அவளிடமா? நான் என்ன குறை வைத்தேன் என்று நேரில் கேட்டுவிடலாம். கேட்டால் அதையும் ஒடித்து ஒடித்து எழுதிவிடுவாள்.

ஜூலை 5, வெள்ளி

அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னலைத் திறந்தால் சுவர். பரவாயில்லை, சுவர் கவிதை எழுதாது.

ஜூலை 9, செவ்வாய்

புத்தகம் அச்சாகித் தையலுக்கு வந்துவிட்டது. பைண்டர் எதையும் படிக்கிறவர் இல்லை. அவருக்கு எல்லாப் புத்தகமும் மடித்துத் தைக்கிற எட்டெட்டுப் பக்கம்தான். இன்று மதியம் பார்த்தால் ஊசியைக் காதில் சொருகிக்கொண்டு நின்று படிக்கிறார். "எவ்வளவோ தச்சாச்சும்மா. நின்னு படிச்சது இதான்."

"பக்க எண் வரிசையா இருக்கான்னு பாருங்க" என்றேன்.

"இருக்கு இருக்கு" என்றார், தலையைத் தூக்காமல்.

ஜூலை 20, சனி

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். முதலாளி விற்பனை மேஜையில் உட்கார ஆள் இல்லை என்று சொல்லி இழுத்துக்கொண்டு போய்விட்டார். நூலகத்து மாடியில் வெளியீடு. நாற்காலி போதவில்லை. மருந்துக்கடைப் பெண், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்கள். கவிதைக் கூட்டத்துக்கு வருகிற முகங்களாகவே இல்லை. தாடி வைத்தவர் ஒருவர்கூட இல்லை.

அவள் மேடையில் நின்று நாலைந்து படித்தாள். சாக்ஸுக்குச் சிரித்தார்கள். அடுத்து, "நாத்தனார்" என்றாள். எழுந்து போய்விடலாம் என்றால் கதவு வரைக்கும் ஆள் நிற்கிறது. படித்தாள்:

படுத்து அழுதுகொண்டிருந்தேன்.
நாத்தனார் கத்திக்கொண்டு வந்தார்.
தட்டில் ஒரு பேரிக்காய்.
இரண்டாக வெட்டினார்.
பெரிய பாதி எனக்கு.
ஏன் அழுகிறாய் என்று
கடைசி வரை கேட்கவில்லை.

இரண்டாவது வரிக்குக் கூட்டம் சிரித்தது. பேரிக்காய்க்கு அடங்கிவிட்டது. முடிந்ததும் கை தட்டினார்கள்.

எனக்குப் பேரிக்காய் என்ற சொல்லிலேயே தட்டு ஞாபகம் வந்துவிட்டது. என்ன பேசுவது என்று தெரியாமல் சமையலறையில் நின்றதும், கூடையில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்ததும். தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் கத்தி.

கத்தி. வெட்டுகிற கத்தி.

அவள் பிழையாக எழுதவில்லை. 'நாத்தனார் கத்தி கொண்டு வந்தார்' என்றுதான் எழுதினாள். கத்தியைக் கொண்டுவந்தார். ஒற்று மிகாத இடம். பள்ளிக்கூடத்தில் ஒற்றுப் பாடம் நடத்தும்போது இதே உதாரணத்தைத்தான் சொல்லிச் சிரிக்கவைப்பார்கள். அதில் போய் நான் விழுந்தேன். என் கையால், சிவப்பு மையால், என்னைக் கத்தவைத்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானைக்குச் சறுக்கட்டும். ஒரு வரி கீழே பார்த்திருந்தால் பேரிக்காய் இருந்திருக்குமே. பார்த்தால்தானே!

மேஜைக்கு வரிசை வந்தது. "நீங்கதானா அந்த நாத்தனார்?" ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "எங்க வீட்டுலயும் ஒன்னு இருக்கு. கத்தும். ஆனா குடுக்கும்." அஃறிணையில்தான் சொன்னாள். எனக்குத் திருத்த வாய் வரவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

தம்பி ஷிப்டுக்குப் போனதும் கேட்டேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "அந்த 'கத்திக்கொண்டு'..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவளே பிடித்துக்கொண்டாள்.

"ப்ரூஃப் எனக்கு வந்தப்ப பாத்தேன் அண்ணி. முதல்ல, தப்பா போட்டுட்டீங்கன்னு நினைச்சேன். அப்புறம், அண்ணியாவது தப்பாப் போடறதாவதுன்னு திரும்பப் படிச்சேன். அன்னிக்கு நீங்க கத்திக்கிட்டும்தானே வந்தீங்க. அவர் ஒருவழியாத் திருப்பிக் கூப்பிட்டதும், போன காதுல வச்சு அவரத் திட்டிக்கிட்டே வந்தீங்க. 'பம்ப்பு உனக்குப் பொண்டாட்டியாடா'ன்னு. ஒரு கைல போனு, ஒரு கைல தட்டு. நான் மரியாதைக்கு அத விட்டுட்டேன். நீங்களே சேத்துட்டீங்க." சிரித்தாள். "புத்தகத்துலயே அந்த ஒரு எழுத்துதான் அண்ணி நல்ல எழுத்து."

திட்டினேன்தான். இப்போது அதுவும் ஞாபகம் வருகிறது.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். 'ம்' என்றேன். அத்தோடு விடாமல், "வரி நல்லா உக்காந்திருக்கு" என்று வேறு சொன்னேன். வெட்கங்கெட்டவள்.

ஜூலை 24, புதன்

ஊரெல்லாம் நாத்தனார். டி.டி.பி. பெண் காட்டுகிறாள்: யார் யாரோ தங்கள் நாத்தனாருக்கு அனுப்பி, அவர்கள் பதில் அனுப்பி, சண்டை தீர்ந்து, புதுச் சண்டை ஆரம்பித்து. என் ஓர் எழுத்துப் பிழைக்கு இவ்வளவு மவுசு. முதலாளி மறுபதிப்பு என்கிறார். இனி இவர் எல்லாப் புத்தகத்திலும் ஒரு பிழை கேட்டாலும் கேட்பார்.

தம்பி கேட்டான், "இன்னும் போறதாத்தான் இருக்கியா?" போக இப்போது காரணம் இல்லை. இருக்க முகம் இல்லை.

ஜூலை 26, வெள்ளி

வானொலியில் அவள் பேட்டி. அச்சகத்தில் சத்தமாக வைத்தார்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில், "அந்த ஒரு எழுத்து எங்க அண்ணி சேத்தது. தன்னைத்தானே கேலி பண்ணிக்கப் பெரிய மனசு வேணும். அவங்களுக்கு இருக்கு" என்றாள்.

பைண்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். முதலாளி டீ வாங்கி வரச் சொன்னார், எனக்காக. பெரிய மனசாம். பக்கத்தைத் திருப்பின கை எனக்கு. அந்த டீயைப் பைண்டர் பக்கம் தள்ளிவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அவள் கடைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரில் நின்று, மூச்சு விடாமல் சொன்னேன். நீ என்னைக் கேவலப்படுத்தி எழுதியதாக நினைத்தேன், அது கத்தி என்று தோன்றவில்லை, கோபத்தில் க் போட்டேன், அதற்காகத்தான் வீட்டை விட்டுப் போகிறேன் என்றேன். பெரிய மனசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அதுக்குக் கீழ பேரிக்காய்னு இருக்கே அண்ணி."

"கீழ படிக்கல."

"படிக்கல." சட்டைக் காலரை இழுத்து நீவினாள். "மத்த கவிதை எல்லாம்?"

"ஒற்று மட்டும் பார்த்தேன்."

அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். நான் அவளைத் தப்பாக நினைத்ததற்குக் கூட இல்லை.

"ஊர்ல எவ்வளவோ பேர் படிக்கிறாங்க, யாருன்னே எனக்குத் தெரியாது. எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க. நல்லாயில்லன்னா நல்லாயில்லன்னு முகத்துக்கு நேரா சொல்ற ஒரே ஆளு பக்கத்து ரூம்ல இருக்காங்க. அவங்க படிக்கணும்னுதான் முதலாளிகிட்ட நானே போய்க் கேட்டேன், ப்ரூஃப் அண்ணிதான் பாக்கணும்னு. நீங்க கிழிச்சுப் போட்டிருந்தாக்கூடத் தாங்கிருப்பேன். படிக்கவே இல்லையா? ஒன்னு கூடவா?"

'புரிகிற கவிதைதானே, படிக்காமலே தெரியும் என்று நினைத்தேன்' என்றா சொல்ல முடியும்? அப்படித்தான் நினைத்தேன்.

"போறதுன்னா போங்க அண்ணி" என்றாள் கடைசியில், சத்தத்தை இறக்கி. "பெட்டி கட்ட வேணா நான் வரேன்."

ஜூலை 29, திங்கள்

அவள் பேசவில்லை. என் வாய்க்கும் இன்று விடுமுறை.

ஜூலை 30, செவ்வாய்

அச்சகத்துக்கு லீவு சொன்னேன். காசு கொடுத்து வாங்கின பிரதி, இலவசப் பிரதி இல்லை. அடுக்களையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பேனாவை வேறு அறையில் வைத்துவிட்டு.

பாதிக்கு மேல் சர்க்கரைத் தண்ணீர். கண்ணாடிக் கடை வயசாளியை இரண்டாவது தடவையும் எனக்குப் பிடிக்கவில்லை. சாக்ஸ் சகிக்கவில்லை. குக்கர் விசிலை மனசாட்சி என்கிறாள், குக்கர் என்ன பாவம் செய்தது?

ஆனால் தம்பியைப் பற்றி ஒன்று இருக்கிறது. விடிய விடிய ஊருக்கே தண்ணீர் ஏற்றிவிட்டு வருகிறான், வந்ததும் அவளிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கிறான். மூன்றே வரி. சிரித்தேன். பக்கத்தைத் திருப்பிவிட்டுத் திரும்ப வந்து படித்தேன். அகராதி பார்க்க அதில் ஒரு சொல் இல்லை. பிறகு ஏன் திரும்ப வந்தேன்? தினமும் நானும்தான் அவன் தண்ணீர் கேட்பதைக் காதில் வாங்குகிறேன். 'பாட்டில் அங்கதான் இருக்கு, கண்ணு தெரியலையா' என்பேன்.

கண்டதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறாள். மிச்சத்தைப் படிக்கிறவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். டி.டி.பி. பெண் என் பஸ்ஸில் அவள் அக்காவை ஏற்றிவிட்ட மாதிரி. இதில் ஏமாற்று வேலையும் உண்டு, எல்லாரும் எதையாவது போட்டுக்கொள்வார்கள் என்ற தைரியத்தில் வெறும் பாத்திரத்தை நீட்டுவது. அந்த மாதிரி நிறைய இருக்கிறது. எது வெறும் பாத்திரம், எது இல்லை என்று அவளுக்கே தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எல்லாரும் இதயம் போட்டுக்கொண்டிருந்தால் எங்கிருந்து தெரியும்?

ஜூலை 31, புதன்

அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னேன். "படிச்சுட்டேன். பதினோரு கவிதையத் தூக்கி எறியணும்."

பையை இறக்கி வைத்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். "சொல்லுங்க."

சாக்ஸில் ஆரம்பித்தேன். சாக்ஸை உடனே விட்டுக்கொடுத்தாள், எனக்கே ஏமாற்றமாக இருந்தது. வயசாளியை விடவில்லை. "அது நடந்தது அண்ணி." "நடந்தா? நடந்ததெல்லாம் கவிதையா? நீ அதுல அழுவச் சொல்லிக் கையப் புடிச்சு இழுக்குற." முகம் சிவந்துவிட்டது. குக்கருக்குச் சண்டை போட்டாள். இருமல் மருந்துக் கவிதையில் ஒரு சொல்லை நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன், அதை எடுத்துக் காட்டிவிட்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்த உட்காரலைப் பார்க்க வேண்டும். டம்ளர் தண்ணீர்க் கவிதை வந்ததும், "இது இருக்கட்டும்" என்றேன். "ஏன்?" என்றாள். "திரும்பப் படிச்சேன்" என்றேன். அவள் பக்கத்தின் மூலையை மடித்தாள்.

'நாத்தனார்' பக்கம் வந்தது. "மறுபதிப்புல அந்த க்-க எடுத்துடட்டுமா?"

"என் கவிதை. நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

தம்பி வந்து கதவுப் பக்கமே நின்றுவிட்டான். "ஏன் ரெண்டு பேரும் இந்தக் கத்து கத்துறீங்க? என்னாச்சு?"

"உனக்குப் புரியாது" என்றோம். இரண்டு பேரும்தான் சொன்னோம். அவன் போய்த் தானே தண்ணீர் எடுத்துக் குடித்தான்.

ஆகஸ்ட் 1, வியாழன்

அறைக்காரரிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். முன்பணம் திரும்பாது என்றார். சரி என்றேன்.

அவள் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பிட்டீங்களா கிடையாது, போயிட்டு வரேன் கிடையாது. கவிதையைப் பற்றி மட்டும் பேசுகிறாள். காலையில் புதிதாக ஒன்று எழுதி, மேஜையில் என் டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். இன்னும் யாருக்கும் அனுப்பவில்லையாம். போனில்கூட இல்லை.

பக்கத்து அறையில் குழாய் சொட்டுகிறது.
யாரோ தூங்கவில்லை.
நான் எழுந்து போய்க் கேட்கவில்லை.

சாயங்காலம் சொன்னேன், மூன்றாவது வரி வேண்டாம், இரண்டாவதோடு நிறுத்து, விளக்கம் சொல்லாதே என்று. முடியாது என்றாள். ஏன் முடியாது? "அது இல்லன்னா இது குழாயப் பத்தின கவிதை அண்ணி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாவது வரியை மூடி வைத்துப் படித்துப் பார்த்தேன். திறந்து வைத்தும் படித்தேன். அவள் சொல்வதுதான் சரி. காலையில் சொல்லிக்கொள்ளலாம், ஒன்றும் அவசரம் இல்லை.